புள்ளி தெரிந்தால் பாஸ்

1

இன்று காலை என் மகள் ரூத் பள்ளிக்கூட முகாமுக்குக் கிளம்பிப் போனாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவாள். மலையடிவாரம், கூடாரம், படகு என்று ஒரு பட்டியல் காட்டினாள். பதினான்கு வயதுக்கு இவ்வளவு பெரிய முதுகுப்பை எதற்கு என்று கேட்டேன். இங்கிலீஷில் பதில் வந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் சொல்வாள். மெல்போர்னுக்கு வந்த பத்து வருஷத்தில் எங்கள் வீட்டில் ஏற்பட்டிருக்கிற ஒப்பந்தம் அது.

"நாளைக்கு என் பையை யார் பாக்குறது?" என்றேன்.

நீயே பார்த்துக்கொள், உனக்கு ஒன்றும் ஆகாது என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு, என் கன்னத்தில் ஒரு தட்டு தட்டிப் பேருந்தில் ஏறிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிநேகிதிகள் பார்க்கிறார்களாம். எனக்குச் சுருக்கென்றது.

பை என்றால் காய்கறிப் பை இல்லை. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சிறுநீரகங்கள் இரண்டும் ஏழு வருஷத்துக்கு முன்பு வேலையை ராஜினாமா செய்துவிட்டன. அவற்றின் வேலையை இப்போது நான் செய்கிறேன். தொப்புளுக்குப் பக்கத்தில் பென்சில் கனத்தில் ஒரு குழாய். அதன் வழியாக ஒரு பையிலிருந்து இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் வயிற்றுக்குள் இறங்கும். நாலைந்து மணி நேரம் உள்ளே கிடந்து கழிவை இழுத்துக்கொள்ளும். பிறகு அதைக் காலிப் பை ஒன்றில் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தரம். மிஷின் கிடையாது, ஊசி கிடையாது, ஆஸ்பத்திரிக் கட்டில் கிடையாது. வீட்டில், நானே, என் கையால் செய்கிறேன். வேலைக்கும் போகிறேன். மத்தியானப் பையைத் தொழிற்சாலை முதலுதவி அறையில் மாற்றிக்கொள்கிறேன். ஐயோ பாவம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும்.

வடித்த தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் உள்ளே கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. பையைச் செய்தித்தாள் மேல் வைத்து, அதன் ஊடாக எழுத்தைப் படிப்பது. எங்கள் வீட்டில் அது தமிழ்ப் பேப்பர். என்னைப் படிக்க வைத்துப் பார்ப்பது ரூத்தின் வேலை. எட்டு வயதிலிருந்து தினமும் காலையில் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுகிறாள். என் மனைவி கிரேஸுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஐந்தரைக்கே கிளம்பிவிடுவாள்.

இரண்டு கண்ணும் நன்றாகத்தானே இருக்கின்றன, நீயே பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது என்று சட்டம் போட்டவர் ஆவடி சேக்காட்டில் இருக்கிறார். அந்தக் கதையை, லீவு போட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிற இந்த மத்தியானத்தில் எழுதுகிறேன்.

2

அப்பா பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். அங்கே இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை. கடைசல் பிடித்து வருகிற சாமானை அளந்து பார்த்து, சரியென்றால் முத்திரை, தப்பென்றால் சிவப்புப் பெயின்ட். முப்பது வருஷம் ஆவடித் தண்ணீர் குடித்தும் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை. வீட்டிலும் இன்ஸ்பெக்டர்தான். குவார்ட்டர்ஸ் சமையலறையில் நின்றுகொண்டு தோசையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஒரு பக்கம் கனம் கூடிப் போச்சு" என்பார். "அப்போ ரிஜெக்ட் பண்ணிட்டுப் பட்டினி கெடங்க" என்பாள் அம்மா.

எண்பதுகளில், ஐ.டி.ஐ. முடித்த கையோடு நான் அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் சேர்ந்தேன். இருபது வயது. கை சுத்தம் என்று பெயர் வாங்கியிருந்தேன். ஒருமுறை இருநூறு புஷ், அதாவது சின்ன உலோக வளையம், கடைய வேண்டியிருந்தது. அளந்து பார்க்க ஆள் வரவில்லை. முதலாளி, "நீயே பாத்து அனுப்பிடு சாமு" என்றார். நானே கடைந்தேன், நானே மைக்ரோமீட்டரில் அளந்தேன், நானே அனுப்பினேன். நாலாம் நாள் மொத்தமும் சாக்கில் கட்டித் திரும்பி வந்தது. மூன்றில் ஒன்று பருமன் கூடுதல்.

நான் பொய் சொல்லவில்லை. அளந்துதான் பார்த்தேன். ஆனால் மைக்ரோமீட்டர் தலையைக் கொஞ்சம் இறுக்கித் திருகினால் கொஞ்சம் குறைவாகக் காட்டும். சரியாக இருக்க வேண்டுமே என்று மனசு ஆசைப்பட்டால் விரல் தானாக இறுகிவிடும். அது எனக்கே தெரியாமல் நடந்தது.

அப்பா திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் மேனாம்பேட்டுக்கு வந்தார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இருநூறையும் அளந்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி புஷ்ஷுக்குச் சிவப்புப் பெயின்ட் வைத்துவிட்டு, "ஒன் பீஸை நீயே பாஸ் பண்ணப்படாதுலே. செஞ்சவனுக்கு அது மேல ஆசை இருக்கும். ஆசை இருக்கவன் அளக்கப்படாது" என்றார். பட்டறையில் இருந்த எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

3

மெல்போர்ன் ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு வழி சொன்னார். வாரத்துக்கு மூன்று நாள் அங்கே வந்து மிஷினில் படுப்பது ஒன்று. பைகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே நானே செய்துகொள்வது இன்னொன்று. யோசித்து அடுத்த வாரம் சொல்லுங்கள் என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்பே வீடு என்றேன். மிஷினைத் தூக்கிக்கொண்டு ஆவடிக்குப் போக முடியாது. பையைத் தூக்கிக்கொண்டு போகலாம். என் தங்கை எஸ்தருக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கல்யாணத்தில் நான் இல்லாமலா?

ஒரு வாரம் பயிற்சி. ஜோன் என்கிற நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். ஜன்னலைச் சாத்து, மின்விசிறியை நிறுத்து, முகமூடி கட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவு, உலர விடு, அப்புறம்தான் குழாயைத் தொடு. பையைச் சூடு பண்ண வேண்டுமென்றால் மின்சார ஒத்தடப் பை மாதிரிக் காய்ந்த சூடு மட்டும், தண்ணீரில் முக்கினால் ஈரத்தோடு கிருமி ஏறும், முக்கவே கூடாது என்று மூன்று தரம் சொன்னார். பரீட்சையில் ஒரு தப்புகூட இல்லாமல் தேறினேன். கடைசல்காரனுக்கு இதெல்லாம் புதுசா என்ன?

ஊருக்குப் போகிறேன் என்றதும் படிவங்கள் கிளம்பின. நான் தங்கப் போகிற வீட்டைப் பற்றி நாலு பக்கம் கேள்வி. செல்லப் பிராணி உண்டா, தரைவிரிப்பு உண்டா, குழாயில் தண்ணீர் ஓடுமா? ஓடும், காலை ஆறு முதல் ஏழு வரை என்று எழுதினேன். ஜோன் கூப்பிட்டு, இது கிண்டலா என்று கேட்டார். இல்லை, உண்மை என்றேன்.  அப்புறம், கை கழுவ வாளியில் தண்ணீர் பிடித்து மூடி வைக்கும் முறையை ஒரு தாளில் எழுதித் தந்தார். ஏதாவது ஆனால் பார்க்க வேண்டிய சென்னை டாக்டருக்கு ஒரு கடிதமும் தந்தார்.

நான் வீட்டிலேயே செய்துகொள்வதை அப்பாவுக்கு எழுதியிருந்தேன். பதில் வந்தது. அவர் கடிதங்கள் ஆபீஸ் மெமோ மாதிரி இருக்கும்.

"உன் முடிவு கண்டேன். நீயே செய்து நீயே பாஸ் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. எனக்குச் சம்மதமில்லை. ஆஸ்பத்திரியில் நாலு கண் இருக்கும். அங்கேயே போகவும். எஸ்தர் திருமணம் தை மாதம் நிச்சயமாகியுள்ளது. உன்னால் வர முடியாவிட்டால் வருத்தப்பட மாட்டோம்."

வருத்தப்பட மாட்டார்களாம். அந்த வரியைக் கிரேஸிடம் படித்துக் காட்டி அரை மணி நேரம் கத்தினேன். பிறகு டிக்கெட் எடுத்தேன். கல்யாணத்துக்குப் போவது ஒரு பக்கம். என் கையை நம்பலாம் என்று அந்த மனுஷனுக்குக் காட்டியே தீர வேண்டும் என்பது இன்னொரு பக்கம். அதுதான் பெரிய பக்கம்.

4

மூன்று வாரத்துக்கு எண்பத்து நாலு பை. இருபத்தோரு அட்டைப் பெட்டி. விமானச் சரக்கில் எங்களுக்கு முன்னாலேயே வந்து இறங்கியிருந்தன. சுங்க அதிகாரி கடிதங்களையெல்லாம் வரி வரியாகப் படித்துவிட்டு, "வீட்லயேவா சார் செஞ்சுக்கறீங்க? பயமா இல்லையா?" என்று கேட்டார். "லேத்தை விடச் சுலபம் சார்" என்றேன்.

ஓய்வு பெற்ற பிறகு அப்பா சேக்காட்டில் கட்டிய வீட்டு வாசலில் டெம்போ நின்றபோது தெருவே கூடிவிட்டது. பாரினிலிருந்து ஒரு பெட்டி வந்தாலே டேப்ரெகார்டரா, சென்ட்டா என்று எட்டிப் பார்க்கிற காலம். இது இருபத்தொன்று. என்னோடு படித்த கஜா, இப்போது ஆட்டோ ஓட்டுகிறவன், பெட்டிகளை இறக்கக் கை கொடுத்தான்.

"இன்னா மாமே, கடையே எட்த்தாந்துகீற! தங்கச்சிக்குச் சீரா?"

"தண்ணிடா."

"இன்னாது?"

ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டினேன். அவன் பையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான். தெருவும் பார்த்தது.

"த்தோடா! எங்கம்மா ஒரு கொடம் தண்ணிக்கு டெய்லி பம்பாண்ட சண்ட போட்டுகினு கீது. நீ இன்னாடான்னா ஏரோப்ளேன்ல தண்ணி எட்த்தாந்துகீற!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு அவனை உள்ளே கூட்டிப்போய்ச் சட்டையைத் தூக்கிக் குழாயைக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. "வலிக்குதா மச்சான்?" என்று மெதுவாகக் கேட்டான். இல்லை என்றதும், "அப்ப ஜமாய்" என்று சொல்லி மீதிப் பெட்டிகளை அவனே சுமந்து அடுக்கினான்.

எஸ்தர் தன் அறையை எனக்குக் கொடுத்துவிட்டாள். நாலு வேளையும் கதவைத் தாழிட்டுக்கொள்வேன். சபைப் பெண்கள் என் தலையில் கை வைத்து ஜெபிக்க வந்து, வெளியே காத்திருந்து, முகம் சுருங்கிப் போனார்கள். அம்மா காவல் நின்று சமாதானம் சொன்னாள். அப்பா மட்டும் அந்த அறைப் பக்கமே வரவில்லை. முன்னறையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு சரி. கல்யாண வேலைகளைப் பேசுவார், என் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பத்து நாள் இப்படியே போனது. ஒரு தப்பு இல்லை, ஒரு பை கலங்கவில்லை. பார்த்தீரா இன்ஸ்பெக்டரே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வளைய வந்தேன்.

5

தை மாதப் பனி. காலையில் பச்சைத் தண்ணீரைத் தொட்டால் கை விறைக்கும். அம்மா விடிந்ததும் கொல்லையில் அண்டாவில் வெந்நீர் போட்டுவிடுவாள். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு காலையில் நான் கை கழுவி வந்து பார்க்கிறேன், மேஜை மேல் பை வெதுவெதுப்பாக இருக்கிறது. ஓரங்களில் ஈரம்.

"இது எப்படிம்மா சூடாச்சு?"

"அண்டாக்குள்ள போட்டு எடுத்தேன்யா. இந்தக் குளிர்ல பச்சத் தண்ணிய வயித்துக்குள்ள விட்டா சளி பிடிச்சிரும்லா? நல்லா தொடச்சுதான் வச்சிருக்கேன்."

தன் பழைய புடவைத் துணியால் துடைத்திருந்தாள். நல்ல மிருதுவான துணி. கைக்குழந்தையாக இருந்தபோது என்னையும் அப்படிப்பட்ட துணியால்தான் துடைத்திருப்பாள். ஜோன் மூன்று தரம் சொன்னது காதில் கேட்டது. அந்தப் பையை எறிந்துவிட்டு வேறு எடுத்திருக்க வேண்டும். ஆனால் அம்மா முகத்தைப் பார்த்தேன். என் வைத்தியத்தில் தனக்கும் ஒரு பங்கு கிடைத்துவிட்ட சந்தோஷம் அதில் தெரிந்தது. பை மூடியைச் சுற்றி இருந்த ஈரத்தை இன்னொரு முறை துடைத்தேன். மாட்டினேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வயிற்றில் லேசான வலி. கல்யாணச் சாப்பாட்டு ஒத்திகை என்று தினமும் ஏதாவது பலகாரம் செய்துகொண்டிருந்தார்கள், அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாள் காலை, அதாவது கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வடித்த பையைத் தூக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கொஞ்சம் மங்கல் மாதிரி இருந்தது. ஜன்னல் சாத்தியிருக்கிறது, ட்யூப்லைட் பழசு, வெளியே பனிமூட்டம், வெளிச்சம் போதவில்லை என்று முடிவு செய்தேன். நோட்டில் 'ஓகே' என்று எழுதினேன்.

கழிவறையில் ஊற்ற எடுத்துக்கொண்டு போகும்போது முன்னறையைக் கடக்க வேண்டும்.

"நில்லு" என்றார் அப்பா.

பையோடு போகிற என்னை அவர் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. கையில் இருந்த பேப்பரைத் தரையில் விரித்து, "இது மேல வை" என்றார். பேப்பர் வைத்துப் பார்க்கும் முறையை நான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். முன்னறையில் இருந்தபடியே அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு குனிந்தார்.

"கொட்டை எழுத்து தெரியுது. பொடி எழுத்தெல்லாம் ஒரே இழுப்பா இருக்கு. புள்ளி ஒண்ணுகூடக் காணல."

"வெளிச்சம் பத்தலப்பா."

பையையும் பேப்பரையும் வாசலுக்குத் தூக்கிப்போய் வெயிலில் வைத்தார். பனி விலகியிருந்தது. நானும் குனிந்தேன். புள்ளி இல்லை.

"நோட்ல என்னலே எழுதிருக்க?"

"ஓகேன்னு."

"வயிறு வலிக்கா?"

"கொஞ்சம். நேத்துலேருந்து."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அப்பா பயந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.  மேனாம்பேட்டில் இருநூறு புஷ்ஷை எப்படி அளந்தேனோ, அப்படியேதான் இந்தப் பையையும் பார்த்திருக்கிறேன். கல்யாணத்தில் நிற்க வேண்டும், இவரிடம் ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசையில் கண் இறுகிவிட்டது. பன்னிரண்டு வருஷமாகியும் நான் அதே ஆள்தான்.

அப்பா மேஜையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து என் 'ஓகே'யை அடித்தார். பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். "கெளம்பு. கஜாவக் கூப்பிடு" என்றார்.

கஜாவின் ஆட்டோவில் அந்தப் பையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்து வந்தார்.  "மச்சான், குண்டு குழில குலுங்காம ஓட்றேன், நீ பைய கெட்டியா புட்ச்சிக்கோ நைனா" என்று கஜா மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தான். சென்னை டாக்டர் பையைப் பார்த்தார், ஜோன் தந்த கடிதத்தைப் பார்த்தார், ஒரு குப்பியில் மாதிரி எடுத்து அனுப்பினார்.

"இன்னைக்கே கொண்டு வந்தது நல்லதாப் போச்சு. கல்யாணம் முடியட்டும்னு இருந்திருந்தீங்கன்னா, கல்யாண வீட்டை ஆஸ்பத்திரிக்கு மாத்தியிருப்பீங்க. யார் கண்டுபிடிச்சது?"

"இவர்" என்றேன். அப்பா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பைக்குள்ளேயே கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தி ஏற்றிக்கொள்ள வேண்டும், வீட்டிலேயே செய்யலாம், தினமும் வந்து காட்ட வேண்டும் என்றார். அன்று சாயங்காலமே வலி கொஞ்சம் குறைந்தது. மறுநாள் காலைப் பையில் தலைப்புக்குக் கீழே இருந்த வரிகள் தெரிந்தன. கல்யாணத்தன்று காலை பொடி எழுத்து தெரிந்தது. கோயிலில் எஸ்தருக்குப் பக்கத்தில் நான் நின்றேன். புகைப்படத்தில் கொஞ்சம் சோர்வாக இருக்கிறேன், ஆனால் இருக்கிறேன்.

வெந்நீர் விஷயம் தெரிந்து அம்மா அழுதாள். அவளால்தானே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா அதட்டினார். "நீ எதுக்கு அழுத? ஒனக்கு அவன் சொல்லல. ஈரத்தைப் பாத்துட்டும் மாட்டினவன் அவன். தப்பு ஆப்பரேட்டர் மேல." எனக்குத் தீர்ப்பு சரியாகத்தான் பட்டது.

6

அதற்குப் பிறகு மீதி நாளெல்லாம் காலையில் அப்பா அறை வாசலில் பேப்பரோடு நிற்பார். எட்டு வயது ரூத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். அவளுக்கு அப்போது தமிழ் எழுத்தில் நாலைந்துதான் தெரியும்.

"ஏட்டி, இந்த எழுத்துக்கு மேல என்ன இருக்கு?"

"டாட்."

"டாட் இல்லட்டி, புள்ளி. புள்ளி தெரிஞ்சா பாஸ். தெரியலன்னா?"

"ரிஜெக்ட்!" என்று கத்துவாள். அந்த வார்த்தை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தோசையையும் ரிஜெக்ட் பண்ண ஆரம்பித்தாள். "ரெண்டாவது இன்ஸ்பெக்டர் வந்துட்டாடி" என்று அம்மா எஸ்தரிடம் சொல்லிச் சிரித்தாள்.

கிளம்புகிற அன்று அப்பா ஒரு பேப்பர்க் கட்டைக் கொடுத்தார். கல்யாண வாரத்துப் பேப்பர்கள், பன்னிரண்டு தாள், பொடி எழுத்து உள்ள பக்கமாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்.

"அந்த ஊர் எழுத்துல புள்ளியே கொறச்சல். நம்ம எழுத்துலதான் ஒவ்வொரு வரிலயும் கெடக்கும். இதை வச்சே பாரு. நான் சொன்னேன்லா, ஆஸ்பத்திரிலதான் பண்ணணும்னு? அது தப்பு. வீட்டுலயே பண்ணு. ஒன் கை சுத்தம்தான். ஆனா நீ பாஸ் பண்ணாத. இவ பண்ணட்டும்."

ஒன் கை சுத்தம்தான். அந்த மூன்று வார்த்தைக்காகத்தான் எண்பத்து நாலு பையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. விமானத்தில் அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

ஆறு வருஷமாக அதே பன்னிரண்டு தாள்தான். மஞ்சளாகிவிட்டன. ரூத் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறாள். காலையில் ஒரு தாளை எடுத்துப் பைக்கு அடியில் வைப்பாள். நான் படிக்க வேண்டும், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். 'ஆவடி ஸ்டேஷன் அருகில் இரண்டு அறை போர்ஷன், தண்ணீர் வசதி உண்டு, சிறு குடும்பம் மட்டும் அணுகவும்.' அந்தப் போர்ஷனுக்கு யார் குடிவந்தார்களோ! இந்தத் தாள்களில்தான் அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றாள். வெளியே போனால் தமிழ் தெரியாதவள் மாதிரி நடந்துகொள்வாள். சிநேகிதிகள் வந்தால் பெட்டி அடுக்கியிருக்கிற அறைக் கதவைச் சாத்திவிடுவாள். கையெழுத்துப் போடுவது மட்டும் நிற்கவில்லை. இனி நிற்கும் போலிருக்கிறது. இன்றைக்கு முகாம், நாளைக்குக் கல்லூரி. பிள்ளைகளைப் பேப்பர் மாதிரி உறை போட்டு வைக்க முடியுமா?

பரவாயில்லை. நாளைக் காலையில் நானே வைத்து நானே படிப்பேன். இந்தத் தடவை நேர்மையாகப் படிப்பேன். இதோடு குறிப்பை முடித்துக்கொள்கிறேன்.

7

முடிக்கவில்லை. இது செவ்வாய்க்கிழமை காலை.

ஏழு மணிக்குப் பையை வடித்தேன். நோட்டைத் திறந்தேன். உள்ளே நாலு உறைகள், ஒட்டி மூடியவை. மேலே தமிழில் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ரூத்தின் கையெழுத்து. என்ன இது என்று திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது.

"வடிச்சிட்டியாப்பா?" தமிழில் கேட்டாள். முகாம் ஆபீஸிலிருந்து பேசுகிறாள். பின்னால் பிள்ளைகள் சத்தம். அவ்வளவு பேர் நடுவில் தமிழ்.

"வடிச்சிட்டேன். பேப்பரை எடுக்கப் போறேன்."

"பேப்பர் வேண்டாம். அது உனக்கு மனப்பாடம். போன மாசம் நான் மாத்தி வேற தாள் வச்சேன், நீ போர்ஷன் விளம்பரத்தையே சொன்ன. பாக்காமலே சொன்ன."

எனக்குக் காது சூடாகிவிட்டது. நேற்று எவ்வளவு தெம்பாக எழுதினேன், நேர்மையாகப் படிப்பேன் என்று! படித்திருக்க மாட்டேன், ஒப்பித்திருப்பேன். பை எப்படிக் கலங்கியிருந்தாலும் ஆவடி ஸ்டேஷன் அருகில் இரண்டு அறை போர்ஷன் எனக்குத் தெரிந்திருக்கும்.

"செவ்வாய்க் கவரைப் பிரி. எழுதினதைப் பாக்காதே. அப்படியே கவுத்துப் பைக்கு அடியில வச்சுத் திருப்பு. வச்சிட்டியா? படி. என்கிட்ட காப்பி இருக்கு."

வைத்தேன். ஒரு முழுத் தாள் நிறையப் பொடிப் பொடியாக எழுதியிருந்தாள். ஒவ்வொரு புள்ளியும் ஊசிமுனை அளவு. எப்போது உட்கார்ந்து நாலு தாள் எழுதினாள்? படித்தேன்.

"அப்பாவுக்கு. செய்தவன் பார்க்கக் கூடாது என்று தாத்தா சொன்னார். நான் ஊரில் இல்லை என்றாலும் பார்ப்பேன். காலேஜ் போனாலும் பார்ப்பேன். கல்யாணம் ஆனாலும்..."

நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்ட?" குரல் மாறிவிட்டது. சேக்காட்டு வாசலில் வெயிலில் குனிந்து நின்ற மனுஷனின் அதே பயம். "தெரியலையா? அப்பா, ரிஜெக்ட்டா? டாக்டருக்குப் போன் பண்ணவா?"

"இல்லம்மா, பை சுத்தமா இருக்கு. கண்ணுதான் கலங்கிப் போச்சு."

 மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, இன்ஸ்பெக்டர் தேவசகாயத்தின் பேத்தி சொன்னாள்.

"கண்ணைத் தொடச்சிட்டு முதல் வரியிலேருந்து படி. முழுசாப் படிச்சாத்தான் பாஸ்."

துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தேன். எல்லாப் புள்ளியும் தெரிந்தது.